ஒற்றைக் காதோடு நீர்ச்சறுக்கு: முசிறியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை

சென்ற ஆடி அமாவாசைக்கு முதல் நாள் காலையில் கிளம்பிய பயணம் இது. முசிறியிலிருந்து ஸ்ரீரங்கம் நாற்பது கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். அப்பாவுக்குத் திதி கொடுக்க வருஷா வருஷம் அங்கே காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்வருவேன், அதில் எழுத ஒன்றும் இல்லை. இந்த முறை வழியில் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். அந்த இடத்தைப் பற்றியும், அதற்குப் பிறகு என் காதுக்கு நேர்ந்ததைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. தண்ணீர் விளையாட்டுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள், அதிலும் காதில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள், பொறுமையாகப் படியுங்கள்.

என் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முசிறியில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறேன். பதினாறு வயதில் தார் சுமக்க வந்தவன், இன்று அதே தெருவில் என் பெயரில் போர்டு இருக்கிறது. ஒன்பது வயதில் சீழ் பிடித்து இடது காது செத்துவிட்டது. வலது காது ஒன்றை வைத்துத்தான் இத்தனை வருஷமும் ஏலம் விட்டேன், ஃபோனில் பேரம் பேசினேன், பெங்களூரு வியாபாரிகளிடம் ஏமாறாமல் தப்பித்தேன். விலை சொல்கிறவன் குரலில் ஒரு இம்மி தயக்கம் வந்தாலும் பிடித்துவிடுவேன். படிப்பு ஏழாவதோடு சரி. எனக்கு இருந்த கைமுதல் அந்தக் காதுதான்.

வழியில் நிறுத்தச் சொன்னவன் செந்தில். என் மனைவியின் தம்பி, துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். திதிக்கு என்னோடு வருவதற்காக, கிளம்புவதற்கு முந்தின நாளே முசிறிக்கு வந்துவிட்டான். வாத்தலைக்குச் சற்று முன்னால், ஆற்றை ஒட்டிய ஒரு தோப்பில் தனியார் ஒருவர் விசைப்படகு வைத்து வாட்டர் ஸ்கீயிங் விடுகிறார் என்று அவன்தான் கண்டுபிடித்து வைத்திருந்தான். முக்கொம்பு அணையில் ஷட்டரை இறக்கி வைத்தால் அதற்கு மேலே தண்ணீர் ஏரி மாதிரி தேங்கி நிற்கும்.

"மாமா, அம்பத்திரண்டு வயசாச்சு. வாழத்தாரையே பாத்துக்கிட்டு இருந்தா ஆச்சா? ஒரு தடவ தண்ணி மேல நின்னு பாருங்க."

"வீட்ல தெரியுமாடா?"

"தெரிஞ்சா விடுவாங்களா? அதான் சொல்லல."

காலை ஆறரைக்கு என் காரில் கிளம்பினோம். குணசீலம் தாண்டி மொத்தம் இருபது கிலோமீட்டர் ஓட்டம். ஏழேகாலுக்குத் தோப்பில் இருந்தோம். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், மிதவைச் சட்டை அதில் அடக்கம். ஹெல்மெட் தந்தார்கள். அது உச்சந்தலையை மட்டும் மூடுகிற வகை, காது இரண்டும் வெளியே நின்றன. அங்கே அனுமதி எல்லாம் வாங்கியிருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. இப்போது அந்த இடம் மூடிக்கிடக்கிறதாம், தேடிக்கொண்டு போகாதீர்கள்.

படகுக்காரர் முப்பது வயது ஆள், மரியாதையாகத்தான் பேசினார்.

"பி.பி., சுகர், நெஞ்சு வலி ஏதும் இருக்காங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"சரி. பேலன்ஸ் போச்சுன்னா கயித்த விட்டுடுங்க. இழுத்துப் புடிக்கவே கூடாது. சேர்ல உக்கார்ற மாதிரி பின்னால சாஞ்சிருங்க. ஒம்பது மணிக்கு மேல காத்து எந்திரிச்சிரும், அதுக்குள்ள முடிச்சிரலாம்."

அவர் காதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. தண்ணீரில் மூச்சுக்கும் காலுக்கும்தான் வேலை என்று நினைத்திருந்தேன்.

முதல் மூன்று தடவை, காலில் மாட்டிய இரண்டு பலகைகளில் நிற்பதற்குள்ளேயே விழுந்தேன். மெதுவாக விழுந்ததால் ஒன்றும் ஆகவில்லை. கரையில் நின்று செந்தில் சிரித்த சிரிப்பு என் வலது காதில் தெளிவாகக் கேட்டது. நான்காவது தடவை எழுந்து நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த அரை நிமிஷம் ரொம்ப நன்றாக இருந்தது. ஆறு கண்ணாடி மாதிரி இருந்தது, இரண்டு பக்கமும் வாழை, காலுக்கடியில் தண்ணீர் கிழிகிற சத்தம். எட்டு மணிக்கே ஆடிக் காற்று ஒரு வீசு வீசியது. அலை மடிந்து வந்தது. வலது பலகை மாட்டிக்கொண்டது.

கயிற்றை விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. கைக்கு வந்த பொருளை விட்டுக்கொடுத்துப் பழகாத கை. படகு என்னை இழுத்து, உடம்பைத் திருப்பி, வலது கன்னம் தண்ணீரில் படுகிற மாதிரி அடித்தது. அந்த வேகத்தில் தண்ணீர் தண்ணீராக இருக்காது, கல் மாதிரி இருக்கும். காதில் ஓங்கி ஓர் அறை. பிறகு மண்டைக்குள் சில்லென்று ஏதோ இறங்கியது. அதோடு உலகம் சுற்ற ஆரம்பித்தது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. ஆற்றின் அடியைப் பார்த்து நீந்தப் போனேன். மிதவைச் சட்டைதான் என்னைப் புரட்டி மேலே கொண்டுவந்தது.

படகு பக்கத்தில் வந்து நின்றது. புகை மூக்கில் ஏறியது. படகுக்காரர் வாய் அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை.

கரையில் அவர், தண்ணீர் புகுந்திருக்கும், ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் குதியுங்கள் என்று செய்து காட்டினார். குதித்தேன். தோளில் சூடாக ஏதோ விழுந்தது. ரத்தம். செந்தில் முகத்தில் சிரிப்பு அப்போதுதான் போனது.

அங்கிருந்து திருச்சி தில்லை நகரில் இருக்கும் காது ஆஸ்பத்திரி வரை இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், செந்தில் ஓட்டினான். டோல்கேட், கொள்ளிடம் பாலம், காவிரிப் பாலம், சத்திரம் பஸ் ஸ்டாண்ட். ஆடி அமாவாசைக்கு முதல் நாள் கூட்டம் எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். நூறு ஹாரன் அடித்திருக்கும். எனக்கு எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தன. காதுக்குள் மட்டும் குக்கர் விசில் மாதிரி ஒரே சத்தம், நிற்காமல்.

வண்டி நிறுத்த இடம் தேடி செந்தில் போனான். நான் சாஸ்திரி ரோட்டைத் தாண்ட இறங்கினேன். இத்தனை வருஷமாகக் காதை வைத்து ரோடு தாண்டியவன், கண்ணை வைத்துத் தாண்டப் பழகவில்லை. முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி டவுன் பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஏதோ சொன்னார். நல்ல மனிதர், விசாரிக்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிச் சிரித்தேன். அவருக்கு இன்னும் கோபம் வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் திட்டினார் என்பது அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

காது டாக்டர் ஒரு பெண்மணி. பீஸ் ஐந்நூறு, காது கேட்கும் பரிசோதனைக்குத் தனியாக எண்ணூறு. வலது காதைப் பார்த்தார். பிறகு இடது காதைப் பார்த்தார். இடதைப் பார்த்த பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வலது காதருகே வாயை வைத்துக் கத்தினார். தலையணைக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவது மாதிரி கேட்டது.

"சவ்வு கிழிஞ்சிருக்கு. சின்ன ஓட்டைன்னா தானா மூடிக்கும். உங்களுக்குக் கொஞ்சம் பெருசு. மூணு மாசம் பாக்கணும். காது காய்ஞ்சே இருக்கணும். தண்ணி, சொட்டு மருந்து, பட்ஸ் எதுவும் உள்ள போகக் கூடாது. மூக்க ஓங்கிச் சிந்தாதீங்க."

"சீக்கிரம் மூட மருந்து இருக்குங்களா? விலை எவ்வளவா இருந்தாலும் பரவாயில்ல."

"என்ன தொழில் பண்றீங்க?"

"வாழைக்காய் மண்டி."

"புகை போட்டுப் பழுக்க வைக்கிற வேலை உங்க குடோன்ல. இங்க இல்ல."

வலிக்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். என் பேரத்துக்கு மசியாத ஆளை ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

மதியம் ஸ்ரீரங்கம். என் அக்கா மங்கை, அம்மா மண்டபம் ரோட்டில் ஓர் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் இருக்கிறாள். திதிக்கு வந்தால் அங்கேதான் தங்குவேன். நான் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுப் படுத்தேன். செந்தில் அவளிடம், காதில் எதையும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, மறுநாளுக்கு எள், தேங்காய் வாங்கப் போனான்.

காதுக்குள் இதமான சூடு ஒன்று இறங்குகிற மாதிரி கனவு. அடுத்த நொடி தீ வைத்த மாதிரி எரிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். தொண்டையில் பூண்டு மணத்தது. காதில் விட்டது தொண்டையில் வந்து கசந்தது, ஓட்டை அவ்வளவு பெரிது. அக்கா கையில் பாலாடை. குழந்தைக்கு மருந்து புகட்டுகிற அதே பாலாடை. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் அதில் பாதி மீதி இருந்தது. அவள் அறைக்குள் வந்ததும், கட்டிலில் உட்கார்ந்ததும், என் தலையைத் திருப்பியதும் எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் எழுந்திருப்பேன்.

நான் கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்பது எனக்குத் தெரியாது, எதிர்வீட்டுக் கதவு திறந்ததைப் பார்த்தேன். பிறகு மறுபடி உலகம் சுற்றியது. வாந்தி எடுத்தேன்.

செந்தில் வந்து அவளிடம் கேட்டதும் அவள் சொன்னதும் பின்னால் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அக்கா, படிச்சுப் படிச்சு சொன்னேனே, எதையும் விடாதீங்கன்னு!"

"இங்கிலீஷ் மருந்து எதையும் விடக்கூடாதுன்னு நெனச்சேன்டா. எண்ணெய் மருந்தா? நல்லெண்ணெய்டா, செக்குல ஆட்டுனது. அவன் தூக்கத்துல வலியில முனகிட்டு இருந்தான்..."

நம் ஊரில் எண்ணெயை யாரும் அந்த 'எதையும்' கணக்கில் சேர்ப்பதில்லை. காதுவலி என்றால் பூண்டெண்ணெய், அவ்வளவுதான். காபி வேண்டாம் என்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டாள். சவ்வு நன்றாக இருக்கிற காதுக்கே இதெல்லாம் தேவையில்லை என்கிறார்கள் டாக்டர்கள். கிழிந்த காதுக்கு அது நேராக உள்ளே போகிற வழி.

அன்று சாயங்காலமே மறுபடி தில்லை நகர். டாக்டர் சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். திட்டவில்லை. "நாளைக்கு ஆத்துல முங்கப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கூடாது என்று கையை ஆட்டினார்.

மறுநாள் விடியற்காலை அம்மா மண்டபம். போகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஆடி அமாவாசைக்கு ஐந்து மணிக்குள் படியில் இருங்கள், ஆறுக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது. வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். படியில் ஆயிரம் பேர் வாய் அசைத்துக்கொண்டிருந்தார்கள். முங்காமல் பிண்டம் வைக்கலாமா என்று செந்தில் புரோகிதரிடம் கேட்டான். அவர் என் முகத்தைப் பார்த்தார், காதில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்தார், பக்கத்தில் வந்து என் வலது காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்:

"கழுத்து மட்டும் ஸ்நானம் போறும். சிரசுல ரெண்டு துளி ப்ரோக்ஷணம் பண்ணிக்கோங்கோ. சரீரம் இருந்தாத்தான் கர்மா. உங்க தகப்பனார் கோவிச்சுக்க மாட்டார்."

மந்திரம் எனக்குக் கேட்கவில்லை. அவர் உதட்டைப் பார்த்துப் பார்த்து நானும் உதட்டை அசைத்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். அக்கா இரண்டு படி மேலே நின்றிருந்தாள். கிட்டே வரவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல். காதிலிருந்து சீழ். தில்லை நகரிலேயே ஐந்து நாள் படுக்கை, அதன் பிறகு மாத்திரையோடு அக்கா வீட்டில் பத்து நாள். அக்கா தினம் இட்லி கொண்டுவருவாள். அறைக்குள் வந்ததும் கட்டில் காலைப் பிடித்து ஆட்டுவாள். அப்படித்தான் தான் வந்திருப்பதை எனக்குத் தெரியப்படுத்துவாள். தொட்டு எழுப்ப மாட்டாள்.

எண்ணெயால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன்.

"அடிச்சு சொல்ல முடியாது. ஆத்துத் தண்ணி முதல்லயே உள்ள போயிருச்சு. எண்ணெய் அதுக்கு மேல போயிருக்கு. ரெண்டும் நல்லது பண்ணல."

அக்காவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். ஆற்றுத் தண்ணீர்தான் காரணமாம் என்றேன். நான் எத்தனையோ வியாபாரிகளை நம்பவைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை.

ஐப்பசியில், மூன்று மாசம் கழித்து, மறுபடி காது பரிசோதனை. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். நான் சுறுசுறுப்பாக அழுத்தினேன். கேட்டது மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பரிசோதனை செய்யும் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். ஹெட்ஃபோனைத் தூக்கிவிட்டுக் காதருகே கத்தினாள்.

"அய்யா, ஒரு நிமிஷமா நான் சத்தமே குடுக்கல. எதக் கேட்டு அழுத்துனீங்க?"

காதுக்குள் ஓடுகிற விசிலைக் கேட்டு அழுத்தியிருக்கிறேன். அல்லது கேட்கவேண்டும் என்ற ஆசையில் அழுத்தினேனோ என்னவோ.

ஓட்டை மூடவில்லை. ஆபரேஷன் செய்து சவ்வு ஒட்டலாமே, பணம் கட்டுகிறேன் என்றேன். டாக்டர் மறுத்துவிட்டார்.

"ரெண்டு காதும் கேக்குறவங்களுக்கு நாளைக்கே பண்ணுவேன். உங்களுக்கு இருக்கறது ஒண்ணு. உள்ள கை வைக்கும்போது மிச்சம் இருக்கறதும் போயிருச்சுன்னா? அந்த ரிஸ்க்க நான் எடுக்க மாட்டேன். மிஷின் மாட்டிக்குங்க."

இன்னொரு டாக்டரிடமும் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். மிஷின் இருபத்து நாலாயிரம் ஆனது. அதை மாட்டினால் பேச்சு கேட்கிறது. ஆனால் குரல் எல்லாம் தகரத்தில் செய்த மாதிரி, எல்லாருக்கும் ஒரே குரல். உண்மை சொல்கிறவனும் பொய் சொல்கிறவனும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். சளி பிடித்தால் காது வடிகிறது, வடிகிற நாளில் மிஷின் மாட்டக் கூடாது. அந்த நாட்களில் நான் மண்டிக்குப் போவதில்லை. ஏலத்தை இப்போது கணக்குப்பிள்ளை விடுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்களைப் பார்க்கிறேன்.

நீர்ச்சறுக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் காதை மூடுகிற மடல் வைத்த ஹெல்மெட் கேளுங்கள், இல்லை என்றால் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டுகிற ரப்பர் பட்டையாவது வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் ஏறாதீர்கள். சளி இருக்கும்போதும் காற்று அடிக்கும்போதும் வேண்டாம். ஆடியில் இந்த விளையாட்டுக்காக நம் பக்கத்து ஆறுகள் பக்கமே போகாதீர்கள். நிலை தவறினால் கயிற்றை விடுங்கள், படகுக்காரர் சொன்னதிலேயே அதுதான் முக்கியமான வார்த்தை.

விழுந்து காது அடைத்து, ரத்தமோ தலைசுற்றலோ வந்தால், குதிக்காதீர்கள், பட்ஸ் விடாதீர்கள். வெளிக்காதில் சுத்தமான பஞ்சை லேசாக வைத்துக்கொண்டு அன்றைக்கே காது டாக்டரைப் பாருங்கள். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி வெளிக்காதில் வைத்துக்கொள்ளலாம், தலைக்கு ஊற்றக் கூடாது. சின்ன ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடும், அதைச் சும்மா விட்டால் போதும். காய்ச்சல், சீழ், தலைசுற்றல் என்று எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் 'எதையும் விடாதீங்க' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். 'எண்ணெய் விடாதீங்க' என்று எண்ணெயின் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். ஒரு காது ஏற்கெனவே போனவர்கள் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் விழுவதைப் பாருங்கள், அது போதும்.

இதைப் போடுவதற்கு முன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். பாலாடை வருகிற இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். எழுது. இன்னொருத்தி ஊத்தாம இருப்பா" என்றாள். அன்று மிஷின் மாட்டியிருந்தேன். அவள் அழுதுகொண்டு சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று குரலில் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சந்தேகம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஃபோன் நம்பர் கேட்காதீர்கள். எழுதுங்கள்.